ரெங்கத்தில் நின்று நின்று ஓடிய இஞ்சின்

பொன்னம்மா, சுப்பு, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். சுப்புவுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆகையால் பொன்னம்மா வாசிக்கட்டும். அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கும் கேட்கும்படி உரக்க வாசிக்கட்டும். தெற்குத் தோட்டத்துப் பிள்ளைகள் வந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். அவர்களுக்காகத்தான் உங்களுக்குத் தெரிந்த விஷயத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. காளைகள் விடிந்ததிலிருந்து சரிவில் இறங்கி ஏறிக் கவலை ஏற்றம் இழுத்தாலும், தோல் சாலில் வரும் தண்ணீர் சோளக்காட்டில் பாதிக்கு மேல் போவதில்லை. நான் மடை திருப்பப் போனால் காளை ஓட்ட ஒரு ஆள் வேண்டும். அதற்காகத்தான் பொன்னம்மாள் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். அப்படியிருக்கும்போதுதான் ஜொகூரில் இருக்கும் உங்கள் ரங்கசாமி மாமன், தான் வேலை பார்க்கும் ரப்பர்த் தோட்டத்தில் ஒரு பழைய எண்ணெய் இஞ்சின் சும்மா கிடக்கிறது, வந்தால் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியனுப்பினான். அது நம் கிணற்று மேட்டுக்கு வந்தால் பொன்னம்மாள் பள்ளிக்கூடம் போவாள். வராவிட்டால் இந்த வருஷமும் காளை வால்தான். இந்தப் பயணத்தின் கதை முழுவதும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் வழியில் பார்த்தது.

கப்பல் ஏறியதும் எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். நான் கரி போடும் இடத்தைப் பார்க்கப் போனேன். கப்பலின் வயிற்றுக்குள் ஓர் ஆள் உயரத்துக்கு அடுப்பு வாய்கள். கரி அள்ளிப் போடுகிற ஒருவர் மூச்சு வாங்க மேலே வந்திருந்தார். கண்ணின் வெள்ளையைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. அவர் அப்பா காலத்தில் பாய்மரக் கப்பல்தானாம். காற்றுக் காலம் வரும்வரை துறைமுகத்திலேயே சமைத்துத் தின்றுகொண்டு காத்திருப்பார்களாம். இப்போது காற்றை யாரும் கேட்பதில்லை, கரி இருந்தால் போதும் என்றார். நாம் சொகுசாகப் போவதற்குக் கீழே ஒருவர் வெந்துகொண்டிருக்கிறார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். எனக்கு ஒரு வெற்றிலை கொடுத்தார். அதிலும் கரி.

சிங்கப்பூரில் இறங்கி ரயிலேறினேன். சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நடுவில் இருக்கும் கடலில் கல்லைக் கொட்டி வழி போட்டு, அதன் மேல் ரயில் விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அலை அடிக்கிறது, நடுவில் நாம் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு போகிறோம். சுப்பு இருந்திருந்தால் சன்னலை விட்டு நகர்ந்திருக்க மாட்டான்.

முறுக்கு தீர்ந்ததும் ஒரு ஸ்டேஷனில் வாழையிலைப் பொட்டலம் வாங்கினேன். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, மேலே நெத்திலிக் கருவாடு, ஓரத்தில் சிவப்பாக ஒரு மிளகாய்ச் சாந்து. நம் ஊர் மிளகாயைத் தின்றவனுக்கு இது எம்மாத்திரம் என்று சாந்தை மொத்தமாகப் பிசைந்து வாயில் போட்டேன். காதில் ரயில் கூவியதா, என் தலைதான் கூவியதா என்று தெரியவில்லை. எதிரே இருந்த மலாய் அம்மாள் தன் புருஷனிடம் ஏதோ சொன்னாள். பக்கத்தில் இருந்த தமிழர் மொழிபெயர்த்தார்: “பாவம், இவங்க ஊர்ல மிளகாயே கிடையாது போல.” என் மானமே போயிற்று. அந்த அம்மாள் தன் மூட்டையிலிருந்து வெல்லமும் தேங்காயும் வைத்த ஒரு பச்சைப் பணியாரம் எடுத்துக் கொடுத்தாள். அதைத் தின்றதும் மானம் போனது மறந்துவிட்டது.

ரெங்கம் ஸ்டேஷனில் ரங்கசாமி நின்றிருந்தான். தோட்டத்துக்குப் போக ஒரு சீனத் தவுக்கேயின் லாரி. தவுக்கே என்றால் முதலாளி. இவர் பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். குட்டையாக, உருண்டையாக, எதற்கும் குலுங்கிச் சிரிக்கிற மனிதர். செம்மண் சாலையில் பாதி தூரம் போனதும் மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழை நம் ஊரைப் போல நாள் பார்த்து வருவதில்லை. பிற்பகலானால் வீட்டுக்கு வருகிற விருந்தாளி மாதிரி வந்துவிடுகிறது. லாரியின் பின்சக்கரம் சேற்றில் புதைந்தது. தவுக்கேயும் இறங்கித் தள்ளினார். சக்கரம் சுழன்று வாரியிறைத்ததில் நாங்கள் மூவரும் ஒரே நிறமாகிவிட்டோம். இனி யார் சீனர், யார் தமிழர் என்று பெண்டாட்டி வந்துதான் பிரிக்க வேண்டும் என்று அவர் மலாயில் சொன்னதாக ரங்கசாமி சொன்னான்.

வண்டி மறுபடி ஓடும்போது, எதற்காக வந்திருக்கிறேன் என்று தவுக்கே கேட்டார். இஞ்சினுக்கு என்று ரங்கசாமி சொன்னான். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சொன்னதை மொழிபெயர்க்க ரங்கசாமிக்கு மனமில்லை. நான் விடவில்லை.

“சனிக்கிழமை அத ஒடைச்சு அள்ளிக்கிட்டுப் போகத்தான் வர்றாராம் மச்சான்” என்றான்.

அப்புறம்தான் முழு விஷயமும் வெளியே வந்தது. அந்த இஞ்சின் ஓடும், ஆனால் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடி, இருமி, பெருமூச்சு விட்டுப் படுத்துவிடும். சிங்கப்பூரிலிருந்து ஆள் வரவழைத்து உள்ளே இருப்பதை எல்லாம் மாற்றியும் பார்த்துவிட்டார்கள். கடைசியில் தோட்டத்துத் துரை புது இஞ்சின் வாங்கிவிட்டார். பழையதை ரங்கசாமி கேட்டதற்கு, ஒரு நாள் ரப்பர்ப் பால் முழுவதையும் அதை வைத்து உருட்டி முடித்துக் காட்டினால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போகட்டும் என்று சொல்லியிருக்கிறார். அந்த நாள் சனிக்கிழமை.

“ஓடாத இஞ்சினுக்கா மாப்பிள்ளை என்னைக் கடல் தாண்ட வச்சே?” என்று கேட்டேன். “நீங்க வந்தா ராசி மாறும்னு நெனச்சேன்” என்றான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. உங்கள் அம்மாவின் முகஜாடை அவனுக்கு.

மறுநாள் வியாழக்கிழமை. பால் ஸ்டோருக்குப் போனோம். காட்டில் வெட்டிய ரப்பர்ப் பால் அங்கேதான் வந்து சேர்கிறது. தட்டுகளில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். தயிர்க்கட்டி போல ஆனதும் இரண்டு உருளைகளுக்கு நடுவில் கொடுத்தால் தோசை போல மெல்லிசாக வெளியே வருகிறது. முன்பெல்லாம் பெண்கள்தான் அந்த உருளைகளைக் கையால் சுற்றுவார்களாம். அங்கம்மாள் என்று ஒருத்தி தன் தோளைத் தொட்டுக் காட்டி, ராத்திரி கையைத் தூக்கித் தலை சீவ முடியாது, இந்த எண்ணெய் இஞ்சின் வந்த பிறகுதான் நாங்கள் பூ வைக்கிறோம் என்றாள்.

நம் இஞ்சின் மூலையில் இருந்தது. கறுப்பாக, கன்றுக்குட்டி உயரத்தில், இரண்டு பக்கமும் பெரிய சக்கரம். மேலே எண்ணெய்த் தொட்டி. தொட்டியின் மூடி மேல் சந்தனமும் குங்குமமுமாகப் பெரிய பொட்டு. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. இதைக் கிளப்புவது பிள்ளைக்குக் காது குத்துகிற வேலை மாதிரி. முதலில் ஒரு ஊது விளக்கைப் பற்ற வைத்து இஞ்சினின் தலையைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். அப்புறம் சக்கரத்தைப் பிடித்து ஒரு உதறு. டுப் என்றது. டுப் டுப் என்றது. புகைக்குழாயிலிருந்து வட்ட வட்டமாகப் புகை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, பொன்னம்மாள் பலகையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். கண்ணைத் திறந்தபோது இஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

அன்றைக்கு முழுவதும் இதே கதை. கொஞ்சம் ஆறவிட்டால் ஓடும், ஓடி நிற்கும். ரங்கசாமி குழாயைக் கழற்றி ஊதினான், மாட்டினான். மலாய்க்காரத் தோட்டக் காவலாளி வந்து எட்டிப் பார்த்து, இதற்கு வயிற்று வலி, கஷாயம் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் ரங்கசாமி குளித்து, இஞ்சினைத் துடைத்து, ஊதுபத்தி கொளுத்தி, புதிதாகச் சந்தனம் அரைத்து மூடியின் உச்சியில் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தான். அவன் பொறுப்புக்கு இந்த இஞ்சின் வந்த நாளிலிருந்து வெள்ளி தவறியதில்லையாம். கண்ணேறு பட்டுத்தான் இது நிற்கிறது என்று போகப் போகப் பொட்டைப் பெரிதாக வைக்க ஆரம்பித்தானாம். நானும் ஒரு தேங்காய் உடைத்தேன். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

பிற்பகலில் மனம் சோர்ந்திருக்கிறதென்று என்னை ரெங்கம் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு கடையில் ஐஸ் கட்டியை இழைப்புளி போன்ற ஒன்றில் தேய்த்து, பொடியைக் கையால் உருட்டி, சிவப்புச் சர்பத் ஊற்றிக் கொடுக்கிறார்கள். கையில் பிடித்தால் விரல் மரத்துப் போகிறது, வாயில் வைத்தால் பல் கூசுகிறது. வேர்த்துக் கொட்டுகிற ஊரில் இந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். இஞ்சின் ஓட்டித்தான் ஐஸ் உறைய வைக்கிறார்களாம். நெருப்பை எரித்துக் குளிர்ச்சியைச் செய்கிறார்கள், பிள்ளைகளே. இதை வாத்தியாரிடம் கேட்டு வையுங்கள். எனக்குப் புரியவில்லை, ஆனால் இரண்டாவது உருண்டையும் வாங்கித் தின்றேன்.

சாயங்காலம் தோட்டத்துக் கிராணியார் வீட்டில் கோப்பிக்குக் கூப்பிட்டார்கள். கிராணியார் என்றால் கணக்கு எழுதுகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், மிக மரியாதையான மனிதர். டின் பால் ஊற்றிய கோப்பி பாயசம் மாதிரி இருந்தது. நிறையப் பத்திரிகை வாசிப்பவர். கரியும் எண்ணெயும் பற்றி நான் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“கரி எண்டால் என்ன எண்டு நினைக்கிறியள்? முந்தி முந்தி நிண்ட காடு. மண்ணுக்குள்ளை போய்க் கிடந்து கரியாப் போச்சு. அந்தக் காடு குடிச்ச வெயில்தான் இப்ப உங்களைக் கப்பலிலை இழுத்துக்கொண்டு வந்தது.”

பழைய வெயிலைத் தோண்டி எடுத்து எரிக்கிறோம் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். யாரோ ஒரு படித்தவர் எழுதியதை வாசித்தாராம். உலகம் முழுவதும் கரியும் எண்ணெயும் எரிய எரிய, அந்தப் புகைக்காற்று மேலே போய்ப் பூமிக்கு ஒரு கம்பளி போலப் போர்த்திக்கொள்ளுமாம். பூமி கொஞ்சம் சூடாகுமாம். பனி மூடிக் கிடக்கிற நாடுகளில் பயிர் விளையுமாம், குளிரில் சாகிறவர்கள் பிழைப்பார்களாம். நல்ல காலம் வரப்போகிறது என்று எழுதியிருக்கிறதாம்.

“எங்க ஊருக்கு அந்தக் கம்பளி வேண்டாமுங்களே. அதுபற்றி எழுதியிருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

அவர் கோப்பியைக் கலக்கினார். “அதை அவர் எழுதேல்லை” என்றார்.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பி நடக்கும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஜொகூரில் பார்க்கிறேன், வேலிக்கு நட்ட மரவள்ளிக் குச்சிகூடத் துளிர்க்கிறது. வருஷம் முழுவதும் வெக்கைதான், ஆனால் மழையும் கூடவே இருக்கிறது. பனி நாட்டுக்காரருக்குச் சூடு வரம். இந்த ஊருக்குச் சூடும் மழையும் சேர்ந்து வரம். நமக்குச் சூடு வேண்டிய அளவு இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. அந்தத் தண்ணீரைத் தூக்க இந்த எண்ணெயை விட்டால் வேறு கதியும் இல்லை. கம்பளியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எண்ணெயை மட்டும் வாங்கிக்கொள்ள முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பொன்னம்மாள் படித்துத் தெரிந்துகொண்டு எனக்குச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை. தொட்டி நிறைய எண்ணெய் ஊற்றி, மூடியை இறுக்கி, இஞ்சினைக் கிளப்பினோம். உருளைக்கு வார்ப்பட்டை மாட்டினான் ரங்கசாமி. பெண்கள் பால்கட்டியைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். துரை கை கட்டி நின்றார். தவுக்கேயின் லாரி வாசலில் வந்து நின்றது.

முதல் வரிசைத் தட்டுகள் முடிந்தன. இருமல் வந்தது. நின்றது. மறுபடி கிளப்பினோம். நின்றது. மறுபடியும். அங்கம்மாள் பாதி நுழைந்த பால்கட்டியை உருளையிலிருந்து பிடுங்க முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். துரை வெள்ளைக்காரர், ஆனால் தோட்டத் தமிழ் பேசுவார். “போதும் ரங்கசாமி. புது இஞ்சின் போடு” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ரங்கசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை.

தவுக்கே கயிறும் ஆட்களுமாக உள்ளே வந்தார். எண்ணெய் இருக்கும் தொட்டியோடு லாரியில் ஏற்ற மாட்டேன், நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது, முதலில் வடியுங்கள் என்றார். சும்மா நிற்பதற்குப் பதில் ஏதாவது செய்வோம் என்று நான் ஏறி மூடியைத் திருகினேன். கழன்றதும் உஸ் என்று ஒரு சத்தம். வெளிக்காற்று உள்ளே ஓடுகிறது. என் விரலையே இழுக்கிற மாதிரி இருந்தது.

பிள்ளைகளே, இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. செட்டியார் கடையில் மண்ணெண்ணெய் டின்னில் ஏன் இரண்டு ஓட்டை போடுகிறார் என்று உங்கள் அம்மாவுக்கே தெரியும். ஒரு ஓட்டை மட்டும் இருந்தால் எண்ணெய் வராமல் மக்கர் பண்ணும். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும். அது ஒன்றுதான் எனக்கு நினைவு வந்தது.

“மாப்பிள்ளை, மூடி இல்லாம இன்னொருக்கா கெளப்பு” என்றேன்.

தலை இன்னும் சூடாகத்தான் இருந்தது. ரங்கசாமி சக்கரத்தை உதறினான். டுப் டுப் என்று பிடித்தது. எல்லாரும் இருமலுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. அங்கம்மாள் அடுத்த கட்டியைக் கொடுத்தாள், அதற்கடுத்ததையும் கொடுத்தாள். தவுக்கே கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் கையில் இருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். வருஷக்கணக்கான வெள்ளிக்கிழமைகள் கல்லாய் இறுகியிருந்தன. அடியில், நட்டநடுவில், ஊசி நுழையும் அளவு ஒரு துளை. இஞ்சின் செய்தவன் மூச்சு விட வைத்தது. சிங்கப்பூர் மெக்கானிக்கும் பொட்டைப் பார்த்திருப்பார். சாமி விஷயம் என்று மரியாதையாகத் தொடாமல் விட்டிருக்கிறார்.

ரங்கசாமி பார்த்தான். “அலமாக்” என்று மட்டும் சொன்னான். இந்த ஊரில் ஐயையோ என்பதற்கு அதுதான்.

துரை திரும்பி வந்தார். “என்னா, ஓடுது? ஏன் முன்னே ஓடலே?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் ரங்கசாமிக்குத்தான் ஆபத்து. இந்த இஞ்சின் கெட்டது என்றுதானே புதிது வாங்கியிருக்கிறார். பக்கத்தில் நின்ற கிராணியார் வாயை அசைக்காமல், “துரு எண்டு சொல்லும்” என்றார்.

ரங்கசாமி மூடியை இரண்டு கையாலும் நீட்டினான். “நான் வச்ச பொட்டுங்க தொரே. ஓட்டைய அடைச்சிருச்சு.”

துரை மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் துளை வழியாக வானத்தைப் பார்த்தார். பிறகு நேரே புது இஞ்சினிடம் போய்க் குனிந்தார். அதன் மூடியிலும் பெரிய பொட்டு. நல்ல வேளை, அதற்கு மூச்சுத் துளை கழுத்தோரத்தில் இருந்தது. துரையின் தோள் குலுங்குவது முதுகுப் பக்கமிருந்து தெரிந்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இனிமே சக்கரத்துக்குப் பொட்டு வை. மூடிக்கு வேணாம். சாமிக்கு மூச்சு வேணாம், இஞ்சினுக்கு வேணும்” என்றார்.

அங்கம்மாள் விடுவாளா. “ரங்கசாமி அண்ணே, வீட்டுல அண்ணிக்குப் பொட்டு வைக்கிறப்பவும் மூக்க விட்டுட்டு வைங்க” என்றாள். ஸ்டோரே சிரித்தது. விளக்கம் கேட்டுத் தவுக்கேயும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக, ஆனால் எல்லாரையும்விட அதிகமாக.

கடைசித் தட்டுப் பால்கட்டி உருளைக்குள் போய் வெளியே வரும்வரை இஞ்சின் ஒரு முறைகூட இருமவில்லை. துரையும் பேச்சு மாறாமல், எடுத்துக்கொள் என்றார். அதன் பிறகும் ரங்கசாமி அதை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டான். எங்களில் யாருக்கும் அதை நிறுத்த மனம் வரவில்லை.

இரும்பு கிடைக்காத வருத்தம் தவுக்கேயிடம் இல்லை. வந்த லாரி வெறுமனே திரும்பக் கூடாது என்று தானே இஞ்சினை ஏற்றி ரெங்கம் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார். அங்கே மரச்சட்டம் அடித்துப் பெட்டிபோலக் கட்டினோம். பெட்டி மேல் பெயரும் ஊரும் எழுத வேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். கிராணியார் தாரில் தூரிகையை நனைத்துக்கொண்டு, யார் பெயருக்குப் போகிறது என்று என்னைக் கேட்டார்.

பொன்னம்மாள், நாலாம் வகுப்பு என்று சொன்னேன்.

“பேர் கேட்டால் வகுப்பையும் சொல்லுறியள்” என்றார். ஆனாலும் அப்படியே, கறுப்பாக, பெரிய எழுத்தில் எழுதினார்.